மறைக்கப்பட்ட மோட்டார்

"சார், சார், ஜரிகை மேல ஊத்திடாதீங்க!"

வீரபாகு பாய்ந்துபோய் கைத்தறிப் பதிவு ஆணைய ஆய்வாளர் தருமனின் மணிக்கட்டைப் பிடித்தபோது, உருகிய அரக்கு கரண்டியின் விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. விழுந்தால் நேராகப் புடவையில். மாம்பழ மஞ்சளில் மயில்கழுத்துக் கரை. வீரபாகுவின் தங்கை தீபாவின் முகூர்த்தப் புடவை, பாதி நெய்தும் நெய்யாமலும் தறியில் நின்றது.

தருமன் கையை உதறினார்.

"அரசாங்கக் கரண்டியத் தொடாத. மோட்டார் எங்க?"

"எந்த மோட்டாரு சார்?"

"விசைத்தறியில இருக்கற மோட்டாரு."

"இது கைத்தறி சார். காலால மிதிக்கறோம், கையால ஊடுநூல் நாடா ஓட்டறோம். மோட்டாருக்கு இங்க இன்னா வேலை?"

தருமன் தறிக்குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். அடுக்களைக்குப் போய், வீரபாகுவின் மனைவி கன்னியம்மாள் தடுக்கத் தடுக்க, அரிசிக் குண்டானைத் திறந்து கைவிட்டுத் துழாவினார். திரும்பி வந்து, எழுதிக்கொண்டே வாய்விட்டுப் படித்தார்.

"மோட்டார் மறைக்கப்பட்டுள்ளது."

"சார்!"

"அது தனி கேஸ். நாளைக்குப் பேசிக்கலாம். இப்ப நகரு, ஜல்தி."

மிதிகட்டையையும் தறிக்காலையும் சேர்த்து ஒரு துணிப்பட்டையைக் கட்டினார். முடிச்சின்மேல் அரக்கை ஊற்றினார். ஆணையத்தின் முத்திரையை அதில் அழுத்தி, பிரசாதத்தை ஊதுவதுபோலப் பக்தியாக ஊதி ஆறவைத்தார். ஜீப் சேவூர்த் தெருமுனையைத் தாண்டியதும் கன்னியம்மாள் வாயைத் திறந்தாள்.

"நல்லா இருப்பானா அவன்? கண்ணெதிர்ல தறி நிக்குது. அதுக்கு கரண்டு இல்ல, ஒயரு இல்ல. விசைத்தறின்றானே!"

"அவன் கண்ணால பாக்கலடி. வெப்சைட்டுல பாத்துட்டு வந்துகிறான்."

தீபா புடவையின் மஞ்சளையே பார்த்துக்கொண்டு கதவோரம் நின்றாள். அது ஆடி மாதம். ஆவணி முதல் முகூர்த்தத்தில் அவளுக்குக் கல்யாணம். அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுப் பெண்ணின் முகூர்த்தப் புடவையை வீட்டுத் தறியில்தான் நெய்வார்கள். தறியில் ஏற்றிய பாவு நூலை முடிக்காமல் அவிழ்க்க மாட்டார்கள், பாதியில் அறுக்க மாட்டார்கள், வேறு தறிக்கு மாற்றவும் மாட்டார்கள். தங்கை தாலி கட்டிக்கொள்ள வேண்டிய புடவை இப்போது ஓர் அரக்குப் பொட்டுக்குப் பின்னால் சிறையில் இருந்தது.

இத்தனைக்கும் காரணம், வராமல் போன ஒரு வார்த்தை.

பட்டுக் கைத்தறி இணையப் பதிவு ஆணையம் அந்தப் பொங்கலுக்குத்தான் தன் இணையதளத்தைத் திறந்து வைத்திருந்தது. 2007இல் எல்லா ஆபீசுக்கும் ஒரு வெப்சைட் தேவைப்பட்டது. ஆணையத்துக்கோ பல மொழிகளில் தேவைப்பட்டது. தமிழ், ஆங்கிலம், இந்தி, தெலுங்கு, போதாததற்குப் பிரெஞ்சு. ஒவ்வொரு நெசவாளரும் தன் தறியைத் தமிழ்ப் பக்கத்தில் பதிவு செய்ய வேண்டும். 'தறி வகை' என்ற இடத்தில் அம்புக்குறியைத் தட்டினால் இரண்டு வரி விழும். முதல் வரி, விசைத்தறி. இரண்டாவது வரியில் 'கைத்தறி' இருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, வாசற்படியில் தவறிப்போட்ட செருப்பைப் போல, 'ஹெச்.எல். டெக்ஸ்ட் நாட் ஃபவுண்ட்' என்று இங்கிலீஷில் கிடந்தது; கைத்தறிக்கான சொல்லைக் காணோம் என்று அர்த்தம்.

சரி, அதையே தட்டுவோம் என்று தட்டினால், 'தமிழ்ப் பக்கத்தில் தமிழ்ச் சொல்லையே தேர்வு செய்க. தமிழை மதிப்போம்' என்று சிவப்பு எழுத்தில் அதட்டும். இங்கிலீஷ் பக்கத்துக்குப் போனால், தமிழ்நாட்டு நெசவாளர்கள் தமிழ்ப் பக்கத்துக்கே செல்ல வேண்டும் என்று இங்கிலீஷில் திருப்பி அனுப்பும். பதிவு செய்யாத தறி செல்லாது. ஆகவே சேவூரும் ஆரணியும் வரிசையில் நின்று, தமிழில் இருந்த ஒரே தறியைத் தட்டிவிட்டு வந்தன. பட்டுப் புடவையைக் கைத்தறியில்தான் நெய்ய வேண்டும், விசைத்தறியில் நெய்தால் குற்றம் என்று சட்டம் இருந்தது. ஆணையம் சட்டத்தை எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறியது.

மறுநாள் காலையில் வீரபாகு ஆணையத்தின் ஆபீசில் நின்றான். ஒரு பழைய அரிசி மில்லின் மாடியில் அது இருந்தது. கீழே இருந்து எழும்பும் தவிட்டுத் தூசி எல்லாக் கம்ப்யூட்டர் மேலும் மெல்லியதாகப் படிந்திருந்தது.

"என் பேரு வீர..."

"பேரெல்லாம் வேணாம். பதிவு எண் சொல்லு," என்றார் தருமன். "பேர் சொன்னா ஆளு ஞாபகம் வரும். ஆளு ஞாபகம் வந்தா இரக்கம் வரும். ஆணையத்துல அது கூடாது."

எண்ணைச் சொன்னான். அன்றிலிருந்து அந்த மாடியில் அவன் ஓர் எண்.

இயக்குநர் துரைக்கண்ணு நல்ல மனிதர். அதை அவரே சொன்னார். எதிரில் உட்காரச் சொன்னார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உன் கஷ்டம் எனக்குப் புரியுது. அந்த ஒரு வார்த்தைதான் மொழிபெயர்க்காம நிக்குது. நான் நெனைச்சா இப்பவே டைப் பண்ணிடலாம். ஒரு நிமிஷம் ஆகாது. ஆனா நான் நெனைக்கக் கூடாது. அதிகாரி நெனைக்க ஆரம்பிச்சிட்டா, அப்பால விதிக்கு இன்னா மரியாதை?"

"சார், நெனைக்கவே வேணாம். கைத்தறின்ற வார்த்தை உங்க வாசல் போர்டுலயே இருக்குது. பெருசா, பெயிண்ட்ல. அதப் பாத்து எழுதிட்டா..."

துரைக்கண்ணு புன்னகைத்தார். எத்தனையோ எண்கள் அவரிடம் இந்தப் போர்டைக் காட்டியிருக்க வேண்டும்.

"அது பெயர்ப்பலகைக்கு ஒப்புதல் ஆன சொல்லு. இணையதளத்துக்கு ஒப்புதல் ஆகல. இதுக்குன்னு சொல்லேற்புக் குழுன்னு ஒண்ணு வெச்சிருக்கோம். மூணு உறுப்பினர். நான் தலைவர், நான் கையெழுத்துப் போட்டுட்டேன். ரெண்டாவது ஒரு தமிழ் முனைவர். அவரு கையும் தறியும் சேருமா, ஒட்டுமா, விலகுமான்னு நாலு கூட்டம் ஆராய்ச்சி பண்ணி, பஜ்ஜி டீ எல்லாம் ஆனப்புறம், சேரும்னு கையெழுத்துப் போட்டுட்டாரு. மூணாவது உறுப்பினர்தான் பேஜார்."

"யாரு சார் அது?"

"பேரு வெளியில சொல்லக் கூடாது. ரகசியக் காப்பு. நெசவுத் தொழில்லேர்ந்து ஒருத்தர் இருக்கணும்னு கம்ப்யூட்டரே குலுக்கிப்போட்டுத் தேர்ந்தெடுத்துச்சு. தொழில் சம்பந்தமான சொல்லுக்கு அவர் ஒப்புதல் கட்டாயம். எத்தினி மெயில் அனுப்பிட்டோம்! ஒண்ணுக்குக்கூட பதில் இல்ல. ஒரு கூட்டத்துக்கு வரல. வெட்டிப்பய. அந்த ஒரு ஆளால ஒரு ஊரே நிக்குது."

"விசைத்தறின்னு மட்டும் தமிழ்ல வந்திருக்குதே சார்?"

"அது மெஷினு. மெஷின் பேரெல்லாம் வேற துறை மொழிபெயர்த்து ரெடிமேடா குடுத்துட்டாங்க."

வீரபாகு வீட்டுக்குத் திரும்பி விவரம் சொன்னான். சண்டை போட ஒரு முகம் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்த கன்னியம்மாளுக்கு, முகமில்லாவிட்டாலும் ஒரு பதவி கிடைத்துவிட்டது.

"மூணாவது உறுப்பினரா? நெசவுக்காரனா இருந்துகினு நெசவுக்காரன் வயித்துல அடிக்கறானே! அவன் பாவு அறுந்துபோக! அவன் தறிக்குழியில தவள பூர!"

அன்றிலிருந்து கூழ் காய்ச்சும்போதும், தண்ணீர் பிடிக்கும்போதும், தெருவில் ஐந்தாறு பெண்கள் சேர்ந்துவிட்டாலும் மூன்றாவது உறுப்பினருக்கு அர்ச்சனை நடந்தது. வீரபாகுவும் தன் பங்குக்கு இரண்டு வார்த்தை சேர்த்துக்கொண்டான்.

எதிர்வீட்டு ஏழுமலை மட்டும் கொஞ்ச நாள் நிம்மதியாகச் சுற்றினான். பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரில் யாரோ அவனுக்கு ஒரு வழி சொல்லியிருந்தார்கள். பிரெஞ்சுப் பக்கத்தில் கைத்தறி என்ற சொல் எந்தப் பிசிறும் இல்லாமல் பிரெஞ்சில் வந்துவிட்டதாம். பிரான்சில் நெசவாளர் உறுப்பினர் தேவைப்படவில்லை. ஏழுமலை அதில் பதிவு செய்தான். தறி கைத்தறி என்றே பதிந்தது.

அடுத்த வாரம் தருமன் அவன் வீட்டு வாசலில் நின்றார்.

"பாஸ்போர்ட் எடு."

"பாஸ்போர்ட்டா? எனக்கு ரேஷன் கார்டே இப்பதான் சார் வந்துச்சி."

"வெளிநாட்டு நெசவாளரா பதிஞ்சிருக்க. சேவூர்ல தங்கறதுக்கு அனுமதி இருக்குதா? எப்ப வந்த? எப்ப திரும்பிப் போற?"

ஏழுமலை அன்று சாயந்திரமே பிரெஞ்சுக் குடியுரிமையைத் துறந்து, விசைத்தறிக்காரனாகத் தாய்நாடு திரும்பினான். அவன் தறிக்கும் அரக்கு ஊற்றப்பட்டது.

வீரபாகு புகார் கொடுக்கப் போனான். புகாரை இணையதளத்தில்தான் கொடுக்க வேண்டும். அங்கேயும் முதல் கேள்வி, தறி வகை. அங்கேயும் அதே ஹெச்.எல். டெக்ஸ்ட். பல்லைக் கடித்துக்கொண்டு விசைத்தறி என்று தட்டிவிட்டு, கீழே, 'ஐயா, என்னுடையது விசைத்தறி அல்ல' என்று எழுதினான். உடனே பதில் வந்தது, தமிழில், பிழையில்லாமல். 'தங்களுடையது விசைத்தறி எனத் தாங்களே முன்வந்து ஒப்புக்கொண்டமைக்கு நன்றி. தங்கள் நேர்மையை ஆணையம் பாராட்டுகிறது.'

ஊரில் முணுமுணுப்பு கூடியதும் ஆணையம் ஒரு நடவடிக்கை எடுத்தது. சென்னையிலிருந்து கிரண் என்ற தொழில்நுட்ப வல்லுநர் வரவழைக்கப்பட்டார். வல்லுநர் முதலில் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். பிறகு கீபோர்டைத் தலைகீழாகத் தட்டித் தவிட்டை உதிர்த்தார். எழுத்துருவை மாற்றினார். மவுஸை மாற்றினார். கடைசியில், திரை சிறியதாக இருப்பதால் சொல் வர இடமில்லாமல் இருக்கலாம் என்று சந்தேகப்பட்டார். பெரிய திரை வாங்கப்பட்டது, பூஜை போடப்பட்டது, தேங்காய் உடைக்கப்பட்டது. ஹெச்.எல். டெக்ஸ்ட் நாட் ஃபவுண்ட் என்பது இப்போது தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரிந்தது.

ஆபரேட்டர் ஜெயம், தற்காலிக ஊழியர், மெதுவாகச் சொன்னாள்: "சார், கோளாறு ஒண்ணுமில்லீங்க. கைத்தறின்னு மொத நாளே நான் டைப் பண்ணி உள்ளார வெச்சிட்டேன். ஒப்புதல்னு ஒரு கட்டம் இருக்குது. மூணாவது ஆளு அதுல டிக் பண்ணிட்டா தானா வெளிய வந்துரும்."

வல்லுநர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். "அப்ப இது மனிதக் கோளாறு. மனிதன் என் பிரிவு இல்ல," என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் போனார்.

ஆடி தேய்ந்துகொண்டு வந்தது. தீபாவின் மாமியார் வீட்டார் பத்திரிகை கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "புடவை ரெடியா?" என்று கேட்டார்கள். "தறியில இருக்குது," என்றான் வீரபாகு. பொய்யில்லை. அவர்கள் போனதும் தீபா அவன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணா, கடையில ஒண்ணு எடுத்துரலாம்ண்ணா. பரவால்ல."

பாவுக்கு நிறம் தேர்ந்தெடுத்தது அவள்தான். சாயப் பட்டறைக்கு அண்ணனோடு நடந்துபோய், பக்கத்திலேயே நின்று, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று மஞ்சளை மாம்பழமாக்கியவள். வீரபாகு அவள் தலையைத் தொட்டுவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டான்.

அன்று ஆணையத்தின் விழா. ஆரணியிலேயே பெரிய கல்யாண மண்டபம். வாழைமரம், மைக், வெளியூர் அதிகாரிகள், ஆளுயர மாலை. நெசவாளர்கள் தவறாமல் வர வேண்டும் என்று உத்தரவு. தறி ஓடாததால் எல்லாருக்கும் வர நேரமிருந்தது. கன்னியம்மாளும் வந்து பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள்.

துரைக்கண்ணு மைக்கைப் பிடித்தார்.

"பெரியோர்களே! ஆணையத்தப் பத்திக் குறை சொல்றவங்க இருக்காங்க. ஒரு வார்த்தை பாக்கின்றாங்க. நான் கேக்கறேன், கைத்தறின்ற வார்த்தையே இல்லாம ஒரு கைத்தறி ஆணையத்த இத்தினி மாசம் நடத்திக் காட்டியிருக்கமே, இது சாதனையா இல்லியா?"

முன்வரிசை கைதட்டியது.

"ஆரணி பின்தங்கிப்போச்சுன்னாங்க. இன்னிக்கு நம்ம பதிவுப்படி இந்தப் பகுதியில ஒரு கைத்தறிகூட கிடையாது! எல்லாம் விசைத்தறி! ஒரு மெஷின் வாங்காம, ஒரு யூனிட் கரண்டு செலவில்லாம, மொத்த ஊரையும் நவீனமாக்கின ஒரே ஆபீஸ் நம்ம ஆபீஸ்! அந்த நவீனத் தறியெல்லாம் சட்டவிரோதமா ஓடுதுன்னு கண்டுபுடிச்சு மூடினதும் நம்ம ஆபீஸ்!"

வெளியூர் அதிகாரி ஒருவர் எழுந்து பொன்னாடை போர்த்தினார். துரைக்கண்ணு பொன்னாடைக்குள்ளிருந்து குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு வேதனையான செய்தி. மூணாவது உறுப்பினர் ஏன் வராம டிமிக்கி குடுத்துகினு இருந்தாருன்னு விசாரிச்சோம். திடுக்கிட்டுப் போனோம். அந்த ஆளு கைத்தறிக்காரனே இல்ல. ரகசியமா விசைத்தறி வெச்சிருக்கறவன்! மோட்டாரக்கூட மறைச்சி வெச்சிருக்கான்!"

மண்டபம் கொதித்தது. "அடப்பாவி!" என்று பெண்கள் பக்கத்திலிருந்து முதலில் எழுந்த குரல் கன்னியம்மாளுடையது.

"அவன நீக்கிட்டோம். விதிப்படி அவன் இடத்துல ஒரு கைத்தறி நெசவாளர நியமிக்கணும். ஆனா பதிவுல கைத்தறி நெசவாளர் ஒருத்தரும் இல்லாததால, உரிய காலத்துல, ஆளு உருவான பிறகு, நியமிக்கப்படும்னு தெரிவிச்சிக்கறேன்."

சாப்பாட்டுப் பந்தியை நோக்கிக் கூட்டம் நகர்ந்தபோது வீரபாகு எதிர்த் திசையில் நடந்தான். மாடியில் ஜெயம் தனியாக இருந்தாள். கம்ப்யூட்டருக்குக் காவலாக அவளை விட்டுவிட்டு, அவள் சாப்பாட்டுச் சீட்டையும் தருமன் எடுத்துப் போயிருந்தார்.

"அம்மா, எனக்கு ஒரே ஒரு உபகாரம். அந்த மூணாவது உறுப்பினர் யாருன்னு சொல்லு. நான் சண்டை போடல. கால்ல விழுறேன். ஒரு டிக் பண்ணிட்டுப் போவட்டும். என் தங்கச்சி கல்யாணம்."

ஜெயம் படிக்கட்டை ஒரு முறை பார்த்தாள். அப்புறம் பெரிய திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

"இவருதாங்க. அவர் பேர்ல மெயில் ஐடியும் ஆபீஸ்லயே தொறந்தாங்க. பாஸ்வேர்டு பத்திரமா இருக்கட்டும்னு இயக்குநர் சாரே பீரோவுல வெச்சிப் பூட்டிட்டாரு. அனுப்பின மெயிலெல்லாம் படிக்காம இங்கியே கெடக்குது பாருங்க."

வீரபாகு திரையில் இருந்த பெயரைப் படித்தான். கண்ணைக் கசக்கிக்கொண்டு இன்னொரு முறை படித்தான். தகப்பன் பெயரோடு, தெருப் பெயரோடு பெரியதாக, பளிச்சென்று இருந்தது.

"அந்த மனுசனுக்கு இது தெரியுமா?"

"எங்கங்க தெரியறது? யாராவது நேர்ல போய்ச் சொல்லணுமே. தபால்ல அனுப்பலாமான்னு கேட்டேன். இது இணையவழி ஆணையம்னுட்டாங்க. உங்களுக்கு அவரத் தெரியுமா? பாத்தா சொல்லுங்க. இங்க ஒரு நாளும் தலை காட்டல."

"சொல்றேன்மா," என்றான் வீரபாகு.

சேவூர் டவுன் பஸ்ஸுக்குக் காத்திருக்கவில்லை, நடந்தே போனான். வழியெல்லாம் அவனுக்கு ஒரு முறை சிரிப்பு வந்தது, ஒரு முறை கல்லெடுத்து யார்மேலாவது எறியலாம் போலிருந்தது. வீட்டுக்குள் நுழைந்தான். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். தறிக்குழிக்குள் இறங்கி உட்கார்ந்தான். முத்திரை அவன் முழங்காலுக்கு நேரே கறுத்து மினுங்கியது.

நூல் வெட்டும் கத்தியை எடுத்தான். முடிச்சுக்கடியில் விட்டு ஒரு நெம்பு. அரக்கு உடைந்து குழிக்குள் சிதறியது.

மண்டபத்திலிருந்து அப்போதுதான் வந்து நுழைந்த கன்னியம்மாள், கையிலிருந்த பாயசத் தூக்கைப் போட்டுவிட்டு அலறினாள்.

"ஐயையோ! இன்னா காரியம் பண்ணீங்க! ஜெயில்ல தூக்கிப் போட்ருவாங்க! யாரைக் கேட்டு உடைச்சீங்க?"

சத்தம் கேட்டுத் தீபா ஓடிவந்தாள். அண்ணன் நாடாவைக் கையில் எடுத்து, தங்கையைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தான். மிதித்தான். வாரக்கணக்காக ஊமையாகக் கிடந்த தறி 'டக்' என்று வாய் திறந்தது.

"மூணாவது உறுப்பினரைக் கேட்டுட்டுத்தான் உடைச்சேன். தாராளமா நெய்யுன்னுட்டான்."

"அந்தப் பாடையில போறவனையா? எங்க புடிச்சீங்க அவன? எவன் அவன்? எந்தத் தெரு?"

நாடா இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போய்த் திரும்பியது.

"இனிமே திட்டாதடி. காலையில அவனுக்கு நீதான் கூழு ஊத்துன."